மண வரவேற்பில் மணமக்கள் கேட்கும் பாட்டை மட்டும் டி.ஜே. போட வேண்டுமா, தன் முடிவுப்படியும் போடலாமா?

எந்தப் பாட்டு என்பதை மணமக்கள் சொல்லட்டும். எப்போது என்பதை டி.ஜே.யிடம் விட்டுவிடுங்கள். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வரவேற்புகளுக்கு டி.ஜே.யாகப் போகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மணமக்கள் ஆசையாக எழுதிக் கொடுத்த பாட்டே, பொருந்தாத நேரத்தில் வந்தால் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் கலைந்து பந்திக்குப் போய்விடும்.

நம் ஊரில் வரவேற்பு பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையில் நடக்கிறது. ஏழு மணிக்கு மணமக்கள் மேடை ஏறினால் ஒன்பது மணி வரை வரிசை குறையாது. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வேன் வைத்து வந்தவர்கள், அலுவலக நண்பர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் மேடைக்கு வந்து வாழ்த்திப் படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள். இந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் ஆடப்போவதில்லை. நாலு வார்த்தை பேசத்தான் வந்திருக்கிறார்கள். அதனால் நான் மொய் மேசையைக் கவனிப்பேன். மொய் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு, காதை முன்னால் நீட்டி, “எந்த ஊர்?” என்று இரண்டாம் முறை கேட்டால் சத்தம் அதிகம் என்று பொருள். உடனே குறைத்துவிடுவேன். ஊர்ப் பெயர் தவறாக எழுதப்பட்டால் நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யிலும் குழப்பம் வரும்.

மணமக்களின் சொந்தப் பாட்டுகளுக்கு இதுதான் சரியான நேரம். பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் இருவர் இரவெல்லாம் காதில் மாட்டிக் கேட்ட மெல்லிசை, இந்திப் பாட்டு, சில சமயம் கொரியப் பாட்டு எல்லாம் பட்டியலில் இருக்கும். அவற்றைக் கேலி செய்யும் டி.ஜே.க்களை எனக்குப் பிடிக்காது. அது அவர்களுடைய மாலை. மேடையில் கால் வலிக்க நிற்கும் இருவரும் தங்களுக்குப் பிடித்த பாட்டு வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பெரியவர்களுக்கும் மெல்லிய சத்தத்தில் அது இடைஞ்சலாக இருக்காது. ஒரு பாட்டுக்கு நாலு நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரத்தில் முப்பது பாட்டு போகும். பட்டியலில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும்.

ஒன்பது மணிக்கு மேல் கதை வேறு. நெருங்கிய சொந்தமும் நண்பர்களும் மட்டும் இருப்பார்கள், நாற்காலிகளை ஒதுக்குவார்கள். கையில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். இங்கே பட்டியலை வரிசையாக ஓட்டினால் ஆட்டம் படுத்துவிடும். நம் குத்துப் பாட்டுகளில் பல 6/8 தாளத்தில் இருக்கின்றன. மேல்நாட்டு நடனப் பாட்டு நாலடித் தாளத்தில் வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று தாவினால் கால் தடுமாறும், பாதிப் பேர் ஓரம் கட்டிவிடுவார்கள். ஒரே தாளத்தில் மூன்று நாலு பாட்டைக் கோத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் போட்டு, மெல்லத்தான் திரும்ப வேண்டும். இடையில் டி.எம்.சௌந்தரராஜன் குரலில் ஒரு பழைய பாட்டைக் கொண்டுவந்தால் அத்தைமார்களும் எழுந்து வருவார்கள். அவர் இந்த மதுரையில் பிறந்தவர். அந்தக் குரலுக்கு இங்கே தனி உரிமை உண்டு. அறுபது வயதுக்காரர் ஆடத் தொடங்கிய பிறகு இளைஞர்களைக் கெஞ்சி அழைக்க வேண்டியதில்லை.

அப்புறம் விருந்தினர்களின் விருப்பம். ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். இரு வீட்டுக்கும் பொதுவாக ஒருவரை முன்பே சொல்லிவைத்தால் அவர் வழியாக மட்டும் வாங்கிக்கொள்வேன். தாய்மாமனுக்கு மட்டும் விதிவிலக்கு. சீர்வரிசையை மேளதாளத்தோடு கொண்டுவந்து இறக்கியவர் ஒரு பாட்டுக் கேட்டால், பட்டியலில் இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் கூடாது.

மணமக்கள் எனக்குத் தரும் பட்டியல்களில் “இவை வேண்டாம்” என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். காரணம் கேட்கமாட்டேன், யார் கேட்டாலும் போடமாட்டேன். அதோடு என் பங்குக்கு ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் முழுதாகக் கேட்டுவிடுவேன். மெட்டு துள்ளும், வரியில் பிரிவும் சாவும் இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தா அதைக் கட்டாயம் கவனிப்பார், மணப்பெண்ணின் அம்மாவிடம் சொல்லவும் செய்வார். இப்படி ஒரு பாட்டு பட்டியலில் இருந்தால் மணமக்களிடம் முன்கூட்டியே சொல்லி மாற்று கேட்பேன்.

ஒன்றில் மட்டும் மணமக்களே கேட்டாலும் இணங்கமாட்டேன்: சாதிப் பெருமை பேசும் பாட்டு. கட்சிப் பாட்டும் அப்படித்தான். நம் வட்டாரத்தில் ஒரு பாட்டு ஒரு கைகலப்பில் போய் முடியலாம். அந்த மண்டபத்தில் எல்லா வகை மனிதர்களும் விருந்தினராக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் தலைகுனிய வைக்க எனக்கு உரிமை இல்லை. முன்பணம் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன்.

“அந்தப் பாட்டுக்கு உரிமம் இல்லை” என்று எந்த டி.ஜே.யாவது உங்கள் விருப்பத்தைத் தட்டிக்கழித்தால் ஏற்காதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு பொது அறிவிப்பு வெளியிட்டு இதை மறுபடியும் தெளிவுபடுத்தியது. ஆனால் பத்து மணிக்கு மேல் இன்னும் ஒரு பாட்டு என்று கேட்டு அவர் மறுத்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்குக்குள் விலக்கு உண்டு என்றாலும், நம் மண்டபங்கள் பலவற்றில் கதவும் சன்னலும் திறந்தே கிடக்கும்; தெரு முழுக்கக் கேட்கும். விடியற்காலை முகூர்த்தம் என்றால் மணப்பெண் மூன்று மணிக்கே அலங்காரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். அதனால் மணமக்களிடம் கடைசிப் பாட்டு எது என்று தனியாகக் கேட்டு வாங்கி, ஒன்பதே முக்காலுக்கு அதைப் போட்டுவிடுகிறேன். அதை மட்டும் இரண்டு நிமிடத்தில் வெட்டாமல் முழுதாக ஓடவிடுவேன்.