கேள்வி பதில்: ஒளி சிகிச்சையில் மருந்து கட்டிக்குள் எங்கே போகிறது?

கே: ஒளி சிகிச்சையில் மருந்தை உடம்பில் ஏற்றி, பிறகு கட்டியில் ஒளி பாய்ச்சுகிறார்கள். அதற்கான போட்டோஃப்ரின் மருந்து எல்லோருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. தானே? பிறகு ஏன் ஒருவருக்குக் கட்டி கரைகிறது, இன்னொருவருக்கு இல்லை? (பயோடெக் மாணவி)

ப: அந்த 2 மி.கி. உடம்புக்கான கணக்கும்மா, கட்டிக்கானது இல்லை. கட்டியின் ரத்தக்குழாய்கள் கோணல்மாணலானவை. ஓரிடத்தில் நெருக்கமாக, பக்கத்திலேயே ஒன்றுமில்லாமல் இருக்கும். உள்ளே திரவ அழுத்தமும் அதிகம், அதனால் குழாயை விட்டுக் கசிந்த மருந்து தூரம் போகாது. ஒளி பட்டதும் மருந்து சிங்லெட் ஆக்சிஜனை, அதாவது செல்லைக் கொல்லும் வீரியமான ஆக்சிஜனை, உண்டாக்கும். அது ஒரு மைக்ரான்கூட நகர்வதற்குள் அடங்கிவிடும். செல்லின் அகலமோ பத்து மைக்ரானுக்கு மேல். அதனால் மருந்து நிற்கும் இடத்தில்தான் அடி விழும், பக்கத்துச் செல் தப்பித்துக்கொள்ளும். ஆக்சிஜனும் அதே குழாய்களிலிருந்துதான் வரவேண்டும். குழாயிலிருந்து 100, 200 மைக்ரான் தள்ளிப்போனாலே பஞ்சம்.

கே: அப்போ டோஸைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

ப: மேலடுக்கில் சேர்ந்த மருந்தே ஒளியை விழுங்கும், ஆழத்துக்கு இன்னும் குறைவாகத்தான் போகும். தோல் வேறு புண்ணாகும்.

கே: அப்பாவுக்கு உணவுக்குழாயில் இந்தச் சிகிச்சை முடிந்தது. சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு வெளியே போகலாமா சார்?

ப: கூடாது. சன்ஸ்கிரீன் புற ஊதாவைத்தான் தடுக்கும். இந்த மருந்தோ கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே வேலை செய்யும். குறைந்தது 30 நாள் வெயில் வேண்டாம். அதற்காக இருட்டறையில் பூட்டியும் வைக்காதீர்கள். வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம் தோலில் தங்கிய மருந்தை மெல்ல மெல்லச் சிதைக்கும், அது நல்லதுதான்.

கே: மருந்து செல்லுக்குள் போகவே வேண்டாம், ரத்தக்குழாயை அடைத்தால் கட்டி பட்டினியில் சாகும். முதல் பதில் பழைய கதை. (மருந்தாளுநர்)

ப: பாதி சரி. படெலிபோர்ஃபின் என்ற மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது: 10 நிமிடம் ரத்தநாளத்தில் ஏற்றி, மருந்து ரத்தத்தில் இருக்கும்போதே 753 நானோமீட்டர் லேசர். ஆரம்பநிலை புராஸ்டேட் புற்றுக்கு 2017இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. வெர்டிபோர்ஃபின் என்ற இன்னொரு மருந்தை எலிகளின் புராஸ்டேட் கட்டியில் சோதித்ததும் இதையே காட்டியது. ஊசி போட்டு 15 நிமிடத்தில் ஒளி கொடுத்தால் குழாய்கள் அடைபடும். 3 மணி நேரம் கழித்துக் கொடுத்தால் மருந்து செல்களுக்குள் போயிருக்கும், அடியும் அங்கேதான். ஆனால் குழாயை மட்டும் அடைத்தால் கட்டியின் ஓரம் பிழைக்கிறதே? ஓரத்துக்குப் பக்கத்து நல்ல திசுவிலிருந்து ரத்தம் வரும். மறுபடி முளைப்பதும் அங்கிருந்துதான்.

கே: அப்படியானால் இரண்டையும் சேர்த்தே அடிக்கலாமே? (அதே மருந்தாளுநர்)

ப: இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். 2002இல் வெளியான ஓர் எலி ஆய்வில் மருந்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு ஒளிக்கு 4 மணி நேரம் முன்பு, மறு பங்கு 15 நிமிடம் முன்பு. செல்லிலும் மருந்து, குழாயிலும் மருந்து. மொத்த டோஸையும் ஒரே தடவையில் கொடுத்ததைவிடக் கட்டி நன்றாக அடங்கியது. எலி என்பதை மறக்க வேண்டாம்.

கே: டெமோபோர்ஃபின் என்ற மருந்தை ஏற்றிய பிறகு ஒளிக்கு நான்கு நாள் காத்திருக்கச் சொல்கிறார்களே, அது ஏன்?

ப: அது மெதுவாகப் பரவும் மருந்து. அவகாசம் கொடுத்தால்தான் செல்களில் போய்ச் சேரும்.

கே: ஒளியை அதிகச் செறிவாகக் கொடுத்து சீக்கிரம் முடிக்கலாமா?

ப: கட்டியில் இருக்கும் ஆக்சிஜன் நொடிகளில் தீர்ந்துவிடும். ரத்தம் புதிதாகக் கொண்டுவரும் வேகத்துக்குத் தக்கபடி, நிதானமாகக் கொடுப்பதே மேல்.

கே: மஞ்சள் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நின்றால்?

ப: குழம்பு ருசியாக இருக்கும். அடுத்தது.

கே: சிகிச்சை முடிந்தவர் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனால் வெயில் படாதே, பரவாயில்லையா?

ப: கண்ணாடி வழியாக ரோடு தெரிகிறதா? அப்போ வெளிச்சமும் உள்ளே வருகிறது. மேலே சன்ஸ்கிரீன் பதிலைப் படியுங்கள்.

கே: மூளைக் கட்டிக்கு 5-ஏஎல்ஏ என்ற மருந்தைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். நீல ஒளியில் சிவப்பாக மின்னாத இடத்தில் புற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? (நர்சிங் மாணவர்)

ப: கூடாது தம்பி. செல்தான் அதை மின்னும் பொருளாக மாற்ற வேண்டும். ஓரத்தில் புற்றுச்செல்கள் நல்ல திசுவுக்குள் சிதறிக் கிடக்கும். அங்கே மினுக்கம் மங்கிப்போகும், செல்கள் இருக்கும்.