பிடிஎஃப் எப்போதும் பிரவுசரிலேயே திறக்கிறது. நிரந்தரமாக மாற்றுவது எப்படி?

விண்டோஸ் 11-ல் கோப்பின் மீது ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்', பிறகு 'சூஸ் அனதர் ஆப்' போங்கள். வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள 'ஆல்வேஸ்' பொத்தானை அழுத்துங்கள். 'ஜஸ்ட் ஒன்ஸ்' அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விண்டோஸ் பார்ப்பது கோப்பின் உள்ளே இருப்பதை அல்ல, பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை. அதனால் .ஜேபிஜி-க்குச் செய்த மாற்றம் .ஜேபெக்-க்குச் செல்லாது. இரண்டும் ஒரே வகைப் படம்தான், ஆனாலும் தனித்தனியே மாற்ற வேண்டும். வேர்டு கோப்பின் பெயரை .பிடிஎஃப் என்று திருத்தினாலும் அது பிடிஎஃப் ஆகிவிடாது. திறந்தால் பிழைச் செய்திதான் வரும்.

மேக்கில் கோப்பைத் தேர்ந்தெடுத்து கமாண்ட் + ஐ. 'ஓப்பன் வித்' பகுதியில் மாற்றியதும் 'சேஞ்ச் ஆல்' அவசியம் அழுத்துங்கள். விட்டுவிட்டால் அந்த ஒரு கோப்பு மட்டுமே மாறும்.