ஃபீனிக்ஸ் செயலிக்குள் ஈஜாபர்டி: புது கன்டெய்னரில் தளமே விழுவது ஏன்?

கேள்வி: எலிக்சிர் மொழியின் வலைச் சட்டகமான ஃபீனிக்ஸில் கட்டிய எங்கள் தளத்தில் உறுப்பினர்கள் அரட்டையடிக்க, எர்லாங் மொழியில் எழுதப்பட்ட ஈஜாபர்டி அரட்டை சர்வரை மிக்ஸ் டெபெண்டென்சியாக, அதாவது செயலியோடு சேர்ந்து ஏறும் சார்பு நூலகமாக, சேர்த்தோம். சொந்தக் கணினியில் ஓடுகிறது. டாக்கர் கன்டெய்னரில் (செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) புதிய பதிப்பை ஏற்றினால் தளமே எழுவதில்லை. நோடின் (ஓடிக்கொண்டிருக்கும் எர்லாங் இயந்திரத்தின்) பெயர் பொருந்தவில்லை என்று லாகில் பிழை வருகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ள அதே கணக்குகளை அரட்டைக்கும் பயன்படுத்துவது எப்படி?

பதில்: தளம் விழக் காரணம் ம்னீசியா. ஈஜாபர்டி இயல்பாகத் தரவை வைக்கும் இந்தத் தரவுத்தளம், தன்னை உருவாக்கிய நோடின் பெயரை ஸ்கீமாவிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். எலிக்சிர் ரிலீஸின் (வெளியிடத் தயாராகக் கட்டிய தொகுப்பின்) நோடு பெயரில் ஹோஸ்ட்நேம் இயல்பாகவே ஒட்டியிருக்கும். டாக்கரிலோ ஹோஸ்ட்நேம் என்பது கன்டெய்னரின் ஐடி; ஒவ்வொரு புது கன்டெய்னருக்கும் அது மாறும். கன்டெய்னர் மாறினாலும் அழியாத வால்யூமில் பழைய பெயரோடு இருக்கும் ம்னீசியாவைக் கண்டதும் ஈஜாபர்டி தொடங்க மறுக்கிறது. அதோடு எர்லாங்கும் எலிக்சிரும் ஓடும் பீம் இயந்திரத்தையே நிறுத்தியும் விடுகிறது, ஏனென்றால் ஈஜாபர்டி தனி சர்வராக ஓடுவதற்கென்று எழுதப்பட்டது. ஈஜாபர்டியின் யாம்ல் அமைப்புக் கோப்பில் ஒரு பிழை இருந்தாலும் இதே கதிதான்; விழுந்த பகுதிகளை மீண்டும் எழுப்பும் உங்கள் சூப்பர்வைசரும் காப்பாற்றாது. ஆகவே அந்தக் கோப்பை மாற்றும்போதெல்லாம் முதலில் ஸ்டேஜிங் எனும் சோதனைச் சூழலில் ஏற்றிப் பாருங்கள்.

பிழைச் செய்தியிலேயே பழைய நோடு பெயர் இருக்கும். அதில் @ குறிக்குப் பின் வருவதை ஹோஸ்ட்நேமாகக் கொடுத்து கன்டெய்னரைத் தொடங்கினால் தரவு திரும்பக் கிடைக்கும். இன்னும் தரவு சேராத புதிய நிறுவல் என்றால், ரிலீஸ் டிஸ்ட்ரிபியூஷன் என்ற சூழல் மாறியை நேம் என்றும், ரிலீஸ் நோடு மாறியை chat@127.0.0.1 போன்ற நிலையான பெயராகவும் வைத்துவிடுங்கள். ம்னீசியாவின் கோப்புறைப் பாதையை எலிக்சிரின் வழக்கமான இரட்டை மேற்கோள் சரமாகக் கொடுக்கக் கூடாது; எர்லாங்குக்குச் சார்லிஸ்ட், அதாவது எழுத்துகளின் பட்டியல், வேண்டும்.

அடுத்தது தொடங்கும் வரிசை. டெபெண்டென்சிகள் உங்கள் செயலிக்கு முன்பே எழுந்துவிடும். தரவுத்தளத்தோடு பேசும் எக்டோ ரெப்போ இன்னும் எழாத அந்தச் சில நொடிகளில் அரட்டைக்கான 5222 போர்ட்டுக்கு வருகிற உள்நுழைவுகள் எல்லாம் தோற்கும். மிக்ஸ் கோப்பில் ஈஜாபர்டிக்கு ரன்டைம் ஃபால்ஸ் என்று போடுங்கள். அதை மட்டும் செய்தால் ரிலீஸிலிருந்தே அது விடுபட்டுப்போகும். எனவே ரிலீஸ் பகுதியில் லோட் (ஏற்று, ஆனால் தொடங்காதே) என்ற நிலையில் சேர்த்துவிடுங்கள். பிறகு சூப்பர்வைசரின் பட்டியலில் ரெப்போவுக்கும் வலைக் கோரிக்கைகளை வாங்கும் எண்ட்பாயிண்டுக்கும் கீழே ஒரு டாஸ்க் வைத்து, அதிலிருந்து ஈஜாபர்டியைத் தொடங்குங்கள்.

இனி கணக்குகள். ஃபீனிக்ஸின் வழக்கமான கணக்கு முறை கடவுச்சொல்லைத் திருப்பி எடுக்க முடியாத பிகிரிப்ட் ஹாஷாகச் சேமிக்கிறது. ஈஜாபர்டிக்கு அதைப் படிக்கத் தெரியாது; அது எதிர்பார்ப்பது ஸ்க்ராம் என்ற வேறொரு ஹாஷ் வடிவத்தையோ வெறும் உரையையோதான். அதில் கட்டமைந்துள்ள ஜேடபிள்யூடி (கையொப்பமிட்ட டோக்கன்) முறை எளிதாகத் தெரியும், ஆனால் இணைப்பில் இல்லாத ஒருவரை அது இல்லாத பயனராகவே கருதும். அவருக்கு அனுப்பிய செய்தி காத்திருக்காமல் திரும்பிவிடும். அரட்டைக்கு இது ஒத்துவராது. ஒரே நோடில் ஓட்டுவதன் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது: சொந்தமாக ஒரு சரிபார்ப்பு மாட்யூலை எலிக்சிரிலேயே எழுதிவிடலாம். அதன் பெயர் எலிக்சிர் முன்னொட்டு இல்லாமல், ejabberd_auth_ என்று தொடங்கும் சிற்றெழுத்து atom (எர்லாங்கின் பெயர்க்குறி) ஆக இருக்க வேண்டும். பயனர் உண்டா என்று கேட்கும் செயற்கூறு ரெப்போவில் தேடும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் செயற்கூறு, கடவுச்சொல் இடத்தில் வரும், தளம் கையொப்பமிட்டுத் தந்த ஃபீனிக்ஸ் டோக்கனைச் சோதிக்கும். ஆயுள் 300 நொடி போதும். டோக்கன் செல்லுபடியாகிறதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதனுள் இருக்கும் ஐடியும் உள்நுழைய முயலும் பயனர்பெயரும் ஒன்றுதானா என்று கட்டாயம் ஒப்பிடுங்கள். இதை விட்டால் யாரும் யார் பெயரிலும் நுழையலாம். முடிவை ஈஜாபர்டி கேஷ் செய்யாதபடி (நினைவில் வைத்துக்கொள்ளாதபடி) திருப்பி அனுப்புங்கள். டோக்கன் வெறும் உரையாகவே போவதால் டிஎல்எஸ் குறியாக்கம் கட்டாயம்.

பயனர்பெயராக மின்னஞ்சலை வைக்க வேண்டாம்: @ குறிக்கு அங்கே இடமில்லை, பெரிய எழுத்துகளும் சிற்றெழுத்தாகிவிடும். தரவுத்தள ஐடியே பாதுகாப்பு. டோக்கன் உள்நுழையும்போது மட்டுமே சோதிக்கப்படுகிறது. ஒருவரைத் தளத்திலிருந்து நீக்கினால் அவருடைய அரட்டை இணைப்பையும் நீங்களே துண்டிக்க வேண்டும்.

தளத்துக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் சர்வர் இருந்தால் இன்னொரு சிக்கல். அதன் ப்ராக்ஸி வாசிப்புக் காலக்கெடு 60 நொடி, ஈஜாபர்டியின் வெப்சாக்கெட் பிங் இடைவெளியும் 60 நொடி. பேசாமல் இருப்பவரின் இணைப்பு இடையிடையே அறுவது பெரும்பாலும் இதனால்தான். காலக்கெடுவை 300 நொடி ஆக்குங்கள்.

தளத்தை ஒரு நாளில் பலமுறை வெளியிடுகிறவர்கள் ஈஜாபர்டியைத் தனி நோடில் ஓட்டுவதே நல்லது. ஒரே நோடில் இருந்தால் ஒவ்வொரு வெளியீட்டிலும் எல்லா அரட்டை இணைப்புகளும் அறுந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் புது டோக்கன் கேட்டு வருவார்கள். மேலே சொன்ன மாட்யூல் அப்போதும் உதவும். ரெப்போவை நேரடியாக அழைப்பதற்குப் பதில் தளத்தின் நோடை எர்லாங் ஆர்பிசி (வேறு நோடின் செயற்கூறை அழைக்கும் வசதி) வழியே கேட்டால் போதும்.