குறிப்பைக் கேட்டு ஊரைச் சொல்லுங்கள்

கேள்வி: "ஆப்பிரிக்க மலைநாட்டில், அருகே செல்லும்வரை கண்ணில் படாத சிலுவை வடிவக் கோயில், அதில் கல்மேல் கல் வைக்கப்படவில்லை." இது எந்த ஊர்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எத்தியோப்பியாவின் லாலிபெலா. "கல்மேல் கல் வைக்கப்படவில்லை" என்பதே இதில் உயிரான குறிப்பு. ஏனெனில் அங்குள்ள 11 தேவாலயங்களும் கட்டப்பட்டவை அல்ல, எரிமலைப் பாறையைக் குடைந்து செதுக்கப்பட்டவை. அவற்றுள் புனித ஜார்ஜ் ஆலயத்தின் கூரை சுற்றியுள்ள தரைமட்டத்திலேயே அமைந்திருப்பதால், பள்ளத்தின் விளிம்பில் நிற்பவருக்கு ஒன்றினுள் ஒன்றாகச் செதுக்கிய சிலுவைகள்தாம் முதலில் தெரியும். வாசலை அடையப் பாறையில் வெட்டிய ஒடுங்கிய வழியில் இறங்க வேண்டும். 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இவ்வாலயங்களில் இன்றும் வழிபாடு நடக்கிறது. எத்தியோப்பியக் கிறிஸ்துமஸான ஜனவரி 7ஆம் நாளையொட்டி, வெள்ளாடை அணிந்த யாத்திரிகர்கள் அங்கே திரள்வார்கள். செல்ல விரும்புவோர் அப்பகுதியின் பாதுகாப்பு நிலவரத்தை அவசியம் விசாரித்துக்கொள்ளுங்கள்.