மூன்று நாள் மலைப் பயணத்துக்குச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். ஒரு நிதி நிறுவனக் கிளையில், அறவீட்டுப் பிரிவில் ஆறு வருடமாக வேலை. கச்சான் வீசும் மாதங்களில் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்த் தவணை கேட்டுத் திரிந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பிள்ளைகளோடு பேசக்கூடத் தெம்பில்லை. குளிரான இடத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தால் போதும் என்றிருக்கிறது. ஆகஸ்ட் விடுமுறையில் வான் பிடித்து எல்லாருமாக நுவரெலியா போவோம் என்கிறார் அக்கா. வான், வீடு, சாப்பாடு எல்லாம் 160,000 ரூபாய் வரும். எங்கள் பங்கு 80,000. எனக்குக் கையில் வரும் சம்பளம் 68,000, அரச அலுவலகத்தில் இருக்கும் கணவருக்கு 82,000. லீசிங் 16,500, சீட்டு 10,000, ரியூசன் 14,000, அம்மாவின் மருந்து 8,000, வீட்டுச் செலவு 85,000. வங்கியில் 210,000 இருக்கிறது. அதைத் தொடாமல் சங்கிலியை அடகு வைப்போம் என்கிறார் கணவர். வட்டி மாதம் 1.5 வீதம். மாமியோ, இப்படிக் காசைக் கரைக்க வேண்டுமா என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: போய்விட்டு வாங்கள், தங்கச்சி. ஆறு வருடம் வெயிலில் அலைந்து வேலை செய்கிற ஒருவர் மூன்று நாள் ஓய்வுக்குச் செலவழிப்பதை வீண்செலவு என்று நான் எழுத மாட்டேன். ஆனால் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

80,000 ரூபாய்க்கு 1.5 வீதம் என்றால் மாதம் 1,200 ரூபாய் வட்டி. ஒரு வருடம் இழுபட்டால் 14,400. உங்கள் வருமானத்தில் எல்லாச் செலவும் போக மாதம் 16,500 தான் மிஞ்சுகிறது. அதில் ஒரு சதமும் வேறெதற்கும் எடுக்காமல் கட்டினாலும் நகையை மீட்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். ஆகஸ்டில் வைத்த நகை ஜனவரி வரை உள்ளே கிடக்கும். நம் பக்கத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை என்ன காலம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளம் வந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அன்றைக்கே காசாக்கக் கூடியது நகைதான். வட்டியைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. வங்கியில் இருக்கும் 210,000 உங்கள் குடும்பத்தின் ஒன்றரை மாதச் செலவுக்குத்தான் காணும். அதிலும் கை வைக்க வேண்டாம்.

அப்புறம், நுவரெலியா ஏன்? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று ஹற்றன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. அதே காற்றுத்தான் இன்னும் கீழே வந்து நம்மைச் சுடுகிற கச்சான். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் ஊவாவில் இருக்கும் பண்டாரவளை, எல்ல, அப்புத்தளைப் பக்கம் பெரும்பாலும் மழை குறைவு, குளிரும் இருக்கும். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 பாகை வெப்பம் குறையும் என்பதால் உங்களுக்கு வேண்டிய குளிர் அங்கேயே கிடைக்கும். பண்டாரவளை, அப்புத்தளைக் கடைத்தெருவில் தமிழிலேயே எல்லாம் பேசி முடிக்கலாம். செங்கலடியில் பிரிகிற பதுளை வீதி மகாஓயா, பிபிலை வழியாக நேரே பதுளைக்குப் போகிறது. அங்கிருந்து பண்டாரவளை கிட்டத்தான். நுவரெலியா இதைத் தாண்டி இன்னும் மேலே. தூரம் கூடினால் வானுக்குக் கொடுக்கும் காசும் கூடும்.

வான் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வான் பிடித்து, காஸ் அடுப்பும் சட்டி பானையும் ஏற்றி, வீடு எடுத்துத் தங்கும் பயணங்களில் விடிய நாலு மணிக்கு எழும்பி எல்லாருக்கும் இடியப்பம் அவிக்கிறவர் யார்? நீங்களும் அக்காவும்தான். ஆண்கள் குளிரில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, நீங்கள் வீட்டு வேலையை மலையில் வைத்துச் செய்துவிட்டு 80,000 ரூபாயும் கொடுத்து வருவீர்கள். ஓய்வுக்காகப் போகிற பயணத்தில் நீங்கள் சமைக்கக்கூடாது. உறவுகளோடு போவது நல்லதுதான், அது ஊர்ச் சந்தோசம். ஆனால் இந்த முறை உங்களுக்குத் தேவை அது இல்லை. அக்காவிடம், "இந்த வருசம் நாங்க நாலு பேரும் மட்டும் போயிட்டு வாறம், அடுத்த முறை சேர்ந்து போவம்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அக்கா வானுக்கு முற்பணம் கட்டிய பிறகு சொன்னால்தான் மனவருத்தம் வரும்.

சரி, காசு எங்கிருந்து? பெப்ரவரி, மார்ச், மே, ஜூன் சம்பளங்களில் தலா 12,000 ரூபாயை ஒதுக்குங்கள். ஏப்ரலைக் கணக்கில் சேர்க்கவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிள்ளைகளின் உடுப்பும் கைவிசேஷமும் மிச்சத்தை எடுத்துவிடும். இதற்கென்று வேறொரு சேமிப்புக் கணக்குத் திறந்து, ஏ.டி.எம். அட்டை எடுக்காமல் விடுங்கள். ஜூலையில் 48,000 இருக்கும், ஆகஸ்ட் விடுமுறை வரை காத்திராமல் அப்போதே போங்கள். அதில் பஸ்ஸுக்கும் மற்றப் போக்குவரத்துக்கும் 10,000, இரண்டு இரவு அறைக்கு 18,000, சாப்பாட்டுக்கு 15,000, ஒரு நாள் ஓட்டோ பிடித்துச் சுற்றிப் பார்க்க 5,000 என்று எல்லை போடுங்கள். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கக் காசு கட்டத் தேவையில்லை. ரயில் ஓடுகிற நாளாக இருந்தால் பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ரயிலில் போங்கள். தெமோதரையில் பாதை வளைந்து தன் மேலேயே ஏறுவதைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அறைக்குப் பணம் கட்ட முன்னர் கணவரின் அலுவலகத்தில் ஒரு தடவை விசாரியுங்கள். பல அரச திணைக்களங்களுக்கு மலைநாட்டில் விடுமுறை விடுதிகள் இருக்கின்றன. ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கொடுப்பார்கள். கிடைத்தால் 18,000 பாதிக்கும் கீழே இறங்கலாம். கிடைக்காவிட்டால் ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்புங்கள், கிழமை நாட்களில் அறை வாடகையைப் பேசிக் குறைக்க முடியும். ஆகஸ்ட் விடுமுறையில் அது நடக்காது. பரீட்சை இல்லாத கிழமையென்றால் பிள்ளைகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாததைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

லீவைப் பற்றி நீங்கள் எழுதவேயில்லை. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 14 நாள் வருடாந்த விடுமுறை உண்டு. அதில் 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்கும் உரிமையும் உண்டு. மூன்று நாளுக்காகக் கெஞ்ச வேண்டாம், ஏழு நாளையும் கேளுங்கள். மூன்று நாள் மலையில், மிச்சம் வீட்டில். ஒரு சதம் கூடுதல் செலவில்லை, போய் வந்த களைப்போடு மறுநாளே ஸ்கூட்டியை எடுக்கவும் தேவையில்லை. கிளையில் மற்றவர்கள் ஜூலைக்கு லீவு கேட்க முதல், உங்கள் விண்ணப்பத்தை இந்தக் கிழமையே எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.