கூண்டு கழுவும் நேரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே என் ஆசை. சென்ற முறை நுழைவுத்தேர்வில் போதிய மதிப்பெண் வரவில்லை. வீட்டு நிலைமைக்காக ஒரு விலங்கு மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தேன். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வேலை. பாதி நேரம் கூண்டு கழுவுவதிலேயே வீணாகிறது. இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்து இரண்டு மணி வரை படிக்கிறேன். மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. என்னோடு தேர்வு எழுதியவர்கள் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். “மனுஷனுக்கு வைத்தியம் பார்க்க முடியாதவன்தான் மாட்டுக்குப் பார்க்கப் போவான்” என்கிறார் மாமா. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுநேரமாகப் படிக்கலாமா? நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

ர.

அன்புள்ள ர.,

கையால் செய்யும் வேலையும் புத்தகப் படிப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று இளைஞர்கள் மனதில் யார் விதைத்தது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ‘வீணாகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில்.

அதற்கு முன் மாமா. அவரிடம் வாதாட வேண்டாம். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் உருவானதற்கு, மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் ஒரு முக்கியக் காரணம். 2011-ல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான். இது உங்களுக்குத் தெரிந்தால் போதும். உங்களோடு எழுதியவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்ற கணக்கும் உங்களுக்கு வேண்டாம்.

இரவு இரண்டு மணி வரை படிப்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கோபம்தான் வந்தது. படித்தது மூளையில் படிவதற்குத் தூக்கம் வேண்டும். அதை வெட்டி எறிந்துவிட்டு, மறுநாள் நினைவில் இல்லையே என்று புலம்பினால் எப்படி? அரைத் தூக்கத்தில் பகலில் நாயைப் பிடிக்கிறீர்கள். கடி வாங்கப் போவது நீங்கள்தான். பதினோரு மணிக்கு விளக்கை அணையுங்கள்.

இனி கூண்டு.

பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி படுத்திருந்த கூண்டை நீங்கள் நிச்சயம் கழுவியிருப்பீர்கள். ரத்தக் கழிச்சலின் அந்த வாடை சட்டையை விட்டு லேசில் போகாது. முதலில் சோப்புத் தண்ணீரால் கழிவை முழுக்க வழித்தெடுக்கச் சொல்லியிருப்பார்கள். பிறகு ப்ளீச் கரைசலை ஊற்றி, பத்து நிமிடமாவது ஈரம் காயாமல் விட்டுவைக்கச் சொல்லியிருப்பார்கள். ஏன் என்று கேட்டீர்களா? ப்ளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட் ஓர் ஆக்சிஜனேற்றி. கழிவு அப்படியே இருந்தால் அதிலுள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், வைரஸைத் தாக்க மிச்சம் இருக்காது. நீங்கள் இரவில் மனப்பாடம் செய்ய முயலும் ஆக்சிஜனேற்ற–ஒடுக்க வினை பகலில் உங்கள் காலடியில் நடந்துகொண்டிருக்கிறது. கைக்குத் தடவும் ஆல்கஹால் அங்கே ஏன் உதவாது? பல வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் குலைத்துவிடும். பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது. அதனால்தான் மாதக்கணக்கில் தரையிலும் தாக்குப்பிடிக்கிறது. சரி, குட்டிக்கு ஏன் குடலில் ரத்தம்? இந்த வைரஸ் பெருகுவதற்கு வேகமாகப் பிரியும் செல்கள் வேண்டும். அவை குடல் உட்சுவரின் அடியிலும் எலும்பு மஜ்ஜையிலும்தான் நிறைய உண்டு. குடல் உட்சுவர் உரிகிறது, ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிகின்றன. ஒரே கூண்டில் வேதியியல், நுண்ணுயிரியல், செல் பிரிதல் என்று மூன்று பாடம். இதற்காகக் கட்டணம் கட்டிக் கல்லூரிக்குப் போகத் துடிக்கிறீர்கள். உங்களுக்குச் சம்பளம் கொடுத்துக் காட்டுகிறார்கள், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்!

சிறுவயதில் எங்கள் வீட்டு மாடு மூன்றாவது ஈற்றில் கன்று போட்ட மறுநாள் இரவு படுத்துவிட்டது. கழுத்தை வளைத்து விலாவில் சாய்த்திருந்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். டாக்டர் வந்து பார்த்ததும் பால் காய்ச்சல் என்றார். கழுத்து ரத்தக்குழாயில் ஊசியைச் செருகி, கால்சியம் பாட்டிலை உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்துக்கொண்டார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அதை எடுக்கவேயில்லை. நடுவில் ஒருமுறை பாட்டிலைத் தாழ்த்தச் சொன்னார்.

“ஏன் தம்பி தாழ்த்தச் சொன்னேன்?”

“வேகமாப் போனா இதயம் நின்னுடும் சார்.”

“அது எல்லாருக்கும் தெரியும். ஏன் நிக்குது?”

உதவியாளர் விழித்தார். “புத்தகம் வச்சிருக்க இல்ல? இன்னைக்கு ராத்திரி அதைப் பாத்துட்டு நாளைக்கு வந்து சொல்லு” என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் மாட்டின் உடம்பு நடுங்கியது, ஏப்பம் விட்டது, சாணம் போட்டது. பிறகு முன்னங்கால் மண்டியிட்டு எழுந்து நின்றது. அம்மா அழுதுவிட்டாள்.

பால் காய்ச்சலில் நடப்பது இதுதான்: சீம்பாலோடு ரத்தத்திலுள்ள கால்சியம் மளமளவென்று மடிக்கு இறங்கிவிடுகிறது. எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டச் சொல்லும் பாராதைராய்டு ஹார்மோனால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. கால்சியம் குறைந்தால் தசை சரியாகச் சுருங்காது. அதனால் மாடு எழவில்லை, வயிறு அசையவில்லை. இதயமும் தசைதான், அதில் கால்சியம் சட்டென்று ஏறினால் துடிப்பு தாறுமாறாகும். இதையெல்லாம் நான் வெகுகாலம் கழித்துப் படித்தபோது ஒரு வரிகூட மறக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காதை நான் தொட்டிருந்தேன். கால்நடை மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். உங்களுக்கோ தினமும் பத்துக் காதுகள்.

எனவே சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாள் வையுங்கள். பகலில் பார்த்ததிலிருந்து ஒரே ஒரு ‘ஏன்’ எழுதுங்கள். அந்தப் பூனை ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, இந்த நாயின் ஈறு ஏன் வெளுத்திருக்கிறது, இப்படி ஏதாவது. இரவில் புத்தகத்தைத் திறக்கும்முன் தெரிந்தவரை விடையை எழுதிப் பாருங்கள், அப்புறம் திறந்து திருத்துங்கள். வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுப்பதுதான் மனதில் நிற்கும். உங்கள் டாக்டருக்கு ஒழிந்த நேரம் பார்த்து அந்தத் தாளை நீட்டுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் கேட்கப்படுவதற்காகக் காத்திருப்பவர்கள்.

கணக்குப் போட்டுப் பழக வேண்டிய பகுதிகளுக்கு இது உதவாது, அதற்குக் கூண்டில் விடை கிடையாது. அதைக் காலையில் வேலைக்குப் போகும்முன் தெளிந்த தலையோடு ஒரு மணிநேரம் உட்கார்ந்துதான் போட வேண்டும்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். வீட்டுக்கு உங்கள் சம்பளம் தேவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலையோடு ஒரு வருடம் அறையில் அடைந்துகிடந்தால் படிப்பு ஓடாது. வாரத்தில் ஒரு நாளாவது அரை நாள் வேலையாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். தேர்வுக்கு முந்தைய கடைசி ஒரு மாதத்துக்கு விடுப்பு வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள். கடைசி நேரத்தில் போய் நின்றால் அவர்களுக்கும் மாற்று ஆள் கிடைக்க மாட்டார்.