பதினைந்து வயதுப் பையனுக்கு எவ்வளவு பாராட்டு?

கேள்வி: மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. அலமாரியிலிருந்து 500 ரூபாய் எடுத்துவிட்டான். கூடப் படிக்கிற பையனை அடித்திருக்கிறான். மார்க்கைக் கூட்டிச் சொல்கிறான். 'தன்மதிப்புக் குறைவு, நிறையப் பாராட்டுங்கள்' என்றார்கள். ஆறு மாதமாக வீடே பாராட்டுகிறது. இன்னும் மோசம்தான். என்ன செய்ய?
– ஒரு தாய், கோட்டையூர்

பதில்: ஆச்சி, அந்தப் பாராட்டை இன்றே நிறுத்துங்கள்.

தன்மதிப்பை ஏற்றினால் அடிதடியும் போதையும் குறையும் என்று நம்பி, கலிபோர்னியா மாநிலம் 1986-ல் அரசுக் குழுவே அமைத்தது. பேராசிரியர்கள் ஆய்வுகளை அலசி 1989-ல் புத்தகமாக்கினார்கள். தன்மதிப்புக்கும் இந்தச் சிக்கல்களுக்கும் இடையே அவர்கள் கண்ட தொடர்பு பெரும்பாலும் மெலிதுதான். தன்மதிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன்னைத் தாழ்வாக நினைக்கிற பிள்ளைகளிடம் அடாவடி கூடுதல் என்று 2005-ல் வந்த ஆய்வும் உண்டு. ஆனால் வெறும் வார்த்தையால் அந்தத் தாழ்வு போகாது.

1998-ல் முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனையைப் பாருங்கள். 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து வந்த கடினமான புதிர்களில் தடுமாறியதும் சோர்ந்தார்கள். வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் சொன்னதும் அவர்களில்தான் அதிகம். உங்கள் வீட்டு மார்க் பொய் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். 'எங்க வீட்டு ராஜா' என்று கேட்டுப் பழகியவன் 38 மார்க் பேப்பரை எப்படி நீட்டுவான்?

நம் செட்டிநாட்டுக்காரர்கள் அந்நாளில் கடல் கடந்து நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி (உதவியாள்), பிறகுதான் மேலாள் (கடைப் பொறுப்பாளர்) ஆவான். அந்தக் காலக் கெடுபிடி இன்று வேண்டாம்; சின்ன வயதில் கடல் கடந்த பிள்ளைகள் அழுதது போதும். ஆனால் அங்கே கணக்கு சரியா தப்பா என்பதைக் கையிருப்பே சொல்லிவிடும், யாரும் முகஸ்துதி செய்ய வேண்டியதில்லை. உங்கள் மகனுக்கு வேண்டியது அப்படி ஒரு வேலை.

வாரக் காய்கறிச் செலவை அவனிடம் விடுங்கள். காசு எடுத்தவன் கையிலா என்பீர்கள். ஆமாம், ஆனால் முதலில் 300 ரூபாய் மட்டும். ஒரு நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அடியில் கையிருப்பு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் வாசிக்கட்டும், நீங்கள் காசை எண்ணுங்கள். பத்து நிமிஷம் போதும். கணக்கு இடித்தால் கத்தாதீர்கள். 'எட்டு ரூபாய் இடிக்குது, எதை எழுத விட்டே?' என்று மட்டும் கேளுங்கள். சரியாக இருந்தால், 'நாலு நாளா கையிருப்பு ஒத்துப்போகுது, விட்டுப்போன கொத்தமல்லியையும் நீயே கண்டுபிடிச்சுட்டே' என்று சொல்லுங்கள். செய்ததைச் சொல்கிற இந்தப் பாராட்டு தாராளமாக இருக்கட்டும். மூன்று வாரம் ஒத்துப்போனால் 600 ஆக்குங்கள்.

இது கெடுவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில். அப்பச்சி (பையனின் அப்பா) நோட்டைப் பிடுங்கித் தானே திருத்துவார். அல்லது குறைகிற காசை அப்பத்தா முந்தானை முடிச்சிலிருந்து ரகசியமாகக் கொடுப்பார். அதோடு கணக்கு பொய்யாகிவிடும். இருவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எடுத்த 500-ஐக் கைச்செலவுப் பணத்திலிருந்து வாரம் 50 வீதம் பத்து வாரத்தில் கட்டட்டும். கடைசித் தவணைக்குப் பிறகு அந்தப் பேச்சே கூடாது. முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்பு வீட்டில் பங்காளிகள் முன்னால் ஒரு வார்த்தைகூட வேண்டாம்: தன்னைப் பெரிதாக எண்ணுகிறவன் அவமானப்படும்போதுதான் மிகவும் மூர்க்கமாகிறான் என்று உளவியலாளர்கள் புஷ்மன், பாமைஸ்டர் ஆய்வு 1998-லேயே காட்டியது. அடிபட்ட பையன் வீட்டுக்கு மகனே போய் மன்னிப்புக் கேட்கட்டும். நீங்கள் வாசலில் நின்றால் போதும், அவனுக்காகப் பேசாதீர்கள்.

மார்க் விஷயத்தில் 'ஏன் பொய் சொன்னே?' என்று கேட்டால் இன்னொரு பொய்தான் வரும். விடைத்தாளை விரித்து, எந்தக் கேள்வியில் நின்றுபோனான் என்று சேர்ந்து பாருங்கள். ஏழாம் வகுப்புப் பின்னமே தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, 'இருந்து என்ன' என்று பேசினாலோ நோட்டையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம். எந்த நேரமும் எடுப்பார்கள்.